பன்னிரண்டு புள்ளி நாலு

செப்டம்பர் 18, வியாழன்

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த பிறகு ஆய்வகத்தில் முதல் வகுப்பு. தண்ணீரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். மூன்று தடவை.

என் மேசையில் நானும் அறைத்தோழியும் மட்டும்; இருவருக்கும் ஒரே பாட்டில் கரைசல். அவளை இந்த நாட்குறிப்பிலும் அக்கா என்றே எழுதுகிறேன். ஏழு வயது மூத்தவளைப் பேர் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு 14.1 வந்தது. பக்கத்து மேசைகளில் எல்லாரும் 12.4 என்றார்கள். கை தவறிக் கூடுதலாக விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நேரமும் இல்லை; கேட்கக் கூச்சம். 12.4, 12.4, 12.3 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றும் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும் என்று கடைசியில் ஒன்றைக் குறைத்தேன்.

ஊரில் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் இப்படித்தானே! சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, வர வேண்டியதை எழுதுவோம். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

செப்டம்பர் 19

பேராசிரியர் என் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். அக்காவின் தாளில் 14.0, 13.9, 14.0. ஒரே பாட்டில், பக்கத்தில் இருப்பவளுக்குச் சரியாக வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை என்று அக்காவைக் கேட்டார். நாளையிலிருந்து ஐந்து சனிக்கிழமை காலைகளில் அவள் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டுமாம்.

சனிக்கிழமை காலைதான் அக்கா ஊரில் இருக்கும் தன் மகளோடு வீடியோவில் பேசும் நேரம். குழந்தைக்கு நாலு வயது. மற்ற நாட்களில் நேரம் ஒத்துவராது.

செப்டம்பர் 20, சனி

அம்மாவிடம் பேசினேன். தாளைத் தூக்கிக் காட்டியதை நேற்றிரவே அவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். தான் வேலை பார்க்கும் தையல் கடை முழுக்கப் பரப்பிவிட்டாள். "எம்பொண்ணு தாளத் தூக்கிக் காட்டினாங்களாம்னு சொன்னேன். முதலாளியம்மா வாயடைச்சுப் போயிட்டாங்க, போ!" எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அம்மாவுக்கு அதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

செப்டம்பர் 24, புதன்

அக்கா வெறும் கையை நீட்டிக் கேட்டாள். "குழந்தைக்கு மருந்து ஊத்தும்போது ஒரு சொட்டு சிந்தமாட்டேன்டி. இங்க வந்து இந்தக் கை என் மானத்த வாங்குது! நீ எப்படிப் பிடிக்கிற, காட்டு."

கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தணும் என்றேன். அப்படி ஒரு வித்தையே கிடையாது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பழகினாள்.

செப்டம்பர் 27, சனி

பயிற்சியில் அக்காவுக்கு 12.4 வந்துவிட்டதாம். "உன் கட்டைவிரல் வித்தைதான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னும் மூன்று சனிக்கிழமை பாக்கி.

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆய்வக உதவியாளர் பழைய பாட்டில்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மேசைப் பாட்டிலின் மூடி விரிசலாம். காற்றுப் பட்டுக் கரைசலின் வீரியம் குறைந்துவிட்டதாம். "அன்னைக்கு இதுல யாருக்கும் பதிமூணரைக்குக் கீழ வந்திருக்காதும்மா" என்று சிரித்தபடி தொட்டியில் கவிழ்த்தார். என் தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அப்படியானால் அக்காவின் கை சரி. என் 14.1 கூடச் சரி. ஒருத்தி பொய் எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பாட்டிலைப் பார்த்திருப்பார்கள்.

பாட்டில் போய்விட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே!

அக்டோபர் 1

இல்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. பேராசிரியரின் அறை வாசல் வரை போய், தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

சொல்லிவிட்டேன். பேராசிரியர் முதலில் கேட்டது என்னைப் பற்றி இல்லை. "அப்ப அவ சரியாத்தான் செஞ்சாளா?" அதற்குத்தான் அழுகை வந்தது. அந்தச் சோதனைக்குப் பூஜ்யம். துறைக்கு ஒரு கடிதம் போகும். இன்னொரு தடவை நடந்தால் படிப்பே இல்லை. அக்காவுக்கு இனிச் சனிக்கிழமை வகுப்பு கிடையாது.

அக்காவிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பேராசிரியரின் மேசை முன்னால் நிற்பது அதைவிட எளிதாக இருந்தது.

அறைக்கு வந்து சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நானே நம்பிட்டேன்டி."

"மன்னிச்சிடுங்கக்கா."

"கட்டைவிரல அழுத்தச் சொன்னியே, அது?"

"அதுவும்... சும்மாதான்."

சிரித்தாள். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 3

அம்மாவிடமும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினாள். "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

அக்டோபர் 4, சனி

காலையில் அக்கா மகளோடு பேசினாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. குழந்தை அறுந்துபோன செருப்பில் தொடங்கி என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனது. மூன்று வாரத்துப் பேச்சு. நடுவில், "சித்தி எங்கம்மா? சித்தியக் காட்டு" என்றது. என்னைத்தான் அப்படிக் கூப்பிடும்.

அக்கா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சித்தி வெளிய போயிருக்காடா" என்றாள்.

சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று குழாயை மூடினேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை ஈரக் கையோடு நின்றேன்.