மல்லாந்து நடக்கும் புழு

ஜூன் 11, புதன்
காலையிலிருந்து காற்று. மழை இல்லை. மேற்கே மட்டும் கருப்பு.

தென்னம்பிள்ளை 38. அதில் குருத்து வெட்டுப்பட்டது 6. போன வாரம் 4. விரிந்த ஓலையைக் கத்தரியால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருக்கிறது. கொம்பு வண்டு வேலை. (இனி கொ.வ.) கம்பி விட்டு இரண்டைக் குத்தி எடுத்தேன். வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து மட்டை இடுக்குகளில் வைத்தாயிற்று. ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்த பானை மூன்று, தோப்பில் பதித்தேன்.

பழைய தோப்பு வறட்சியில் போனது நான்கு வருடம் முன்பு. இந்த 38-ம் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார் இவர். முட்டி வலியோடு கட்டிலில் இருந்தபடியே சொல்கிறார். சொல்வது சுலபம். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது நான்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் நின்று தேவியைக் கூப்பிட்டேன். (பாலம் என்பது விழுந்த பழைய தென்னை ஒன்றைக் குறுக்கே போட்டது.) தேவி என் கொழுந்தனார் பெண்டாட்டி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பூமி. உன் குப்பைக்குழியில் இருந்துதான் வண்டு புறப்பட்டு என் தென்னையைத் தின்கிறது என்றேன். இன்னும் நாலு வார்த்தை கூடவே சொன்னேன். அவள் பாகற்பந்தலில் இருந்து இறங்காமலேயே, "செரிங்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்
காற்று. தூறல் பத்து நிமிடம்.

பானையில் கொ.வ. 3.

வாசல் பல்புக்குக் கீழே அன்னக்கூடையில் தண்ணீர் வைத்திருந்தேன், கொ.வ. விழுமா பார்க்க. ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு என்னென்னவோ. கடுகளவு கருப்பு. பவுன் நிறத்தில் ஒன்று. படகு மாதிரி வழவழவென்று நீந்திக்கொண்டே இருந்தது ஒன்று, அதற்குத் தண்ணீர்தான் வீடு போல. தன் உடம்பைவிட மீசை நீளமாக ஒன்று. எல்லாவற்றுக்கும் முதுகில் ஓடு. குச்சியால் ஓட்டை நெம்பினால் உள்ளே மடித்து வைத்த மெல்லிய இறக்கை. என்ன மடிப்பு. எனக்குப் பட்டுச்சேலையை அப்படி மடிக்க வராது.

11 வகை எண்ணினேன். பால் பொங்கி வழிந்தது.

மதியம் தேவி குழியில் மருந்து ஊற்றினாள். காற்றில் நாற்றம் வீடு வரை வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது என்று எழுதுவதில் என்ன வெட்கம், இருந்தது.

ஜூன் 14, சனி
வெயில். துணி காய்ந்தது.

பானை: கொ.வ. 2. புதுக் குருத்து வெட்டு 1. மருந்து ஊற்றியும் நிற்கவில்லை.

வகைக் கணக்கு 23. புதியவற்றில் சில:
– மல்லாத்திப் போட்டால் டக்கென்று சத்தத்தோடு துள்ளி நேராக நிற்பது. பத்துத் தடவை போட்டேன், பத்துத் தடவையும் நின்றது. இவர் வாங்கி அவரும் போட்டுப் பார்த்தார்.
– தொட்டால் பின்னால் புகை விடுவது. விரல் சுட்டது. கறை இன்னும் போகவில்லை.
– சாணி உருட்டி. தலைகீழாக நின்று பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகிறது. வழி எப்படித் தெரிகிறது?
– அரிசி டப்பாவில் இருந்தது. இத்தனை வருடம் முறத்தில் புடைத்துத் தள்ளியது, இன்று உற்றுப் பார்த்தால் யானைத் துதிக்கை போல மூக்கு.

இவர்: "தென்னையப் பாருன்னா நீ வண்டுக்குச் சாதகம் எழுதீட்டு இருக்கற."

எங்கள் குப்பைக்குழியைக் கிளறி வெள்ளைப் புழு பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். வாராவாரம் செய்வதுதான். தேவியின் குழியில் யாரும் பொறுக்கியதில்லை. சோம்பேறித்தனம்.

ஜூன் 16, திங்கள்
சாரல். பஸ் முக்கால் மணி லேட்.

கிருஷி பவன் (விவசாய ஆபீஸ்) போனேன். ஊறுகாய்ப் பாட்டிலில் கொ.வ. இரண்டு, இன்னொன்றில் தேவி குழியின் ஓரத்தில் சாகாமல் கிடந்த புழு ஐந்து. சாட்சி வேண்டுமே.

புது மேடம், மலையாளத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயசு இருக்கும். புழுவை மேசையில் பேப்பர் விரித்துக் கொட்டினாள். ஐந்தும் ஒவ்வொன்றாக மல்லாந்தன. கால்கள் ஆகாயத்தைப் பார்த்து ஆட, முதுகால் நகர்ந்து நகர்ந்து பேப்பரின் அந்த விளிம்புக்கே போய்விட்டன. ஆறு கால் இருந்தும் முதுகால் நடக்கிறது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"இது கொம்பன்செல்லியல்ல சேச்சி. கொம்பனோட புழு இப்படி மல்லாந்து நடக்காது. இது பூவண்டு. மட்கினதைத் தின்னு வளமாக்கும். பாவம்."

கொம்பன்செல்லி என்பது அவர்கள் பாஷையில் கொ.வ.

என் 23-ஐக் காட்டினேன். சிரிக்கவில்லை, ஒவ்வொன்றாகப் படித்தாள். இதுவரை பேர் வைத்திருக்கிற பிராணிகளில் நாலில் ஒன்று வண்டுதானாம். ஆனை, புலி, மீன், காக்கா, பாம்பு, எறும்பு, நாம் எல்லாம் சேர்ந்து மீதி. மின்மினியும் வண்டுதானாம். பேர் வைக்காதது எத்தனை என்று யாருக்கும் தெரியாதாம். பஸ்ஸில் வரும்போது ரோட்டோரப் புல்லைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. அத்தனை பேர் குடியிருக்கிற இடத்தில் நாம் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறோம்.

கிளம்பும்போது மேடம் ஒன்று கேட்டாள். தோப்பில் உளுத்த தென்னந்தடி ஏதாவது கிடக்கிறதா, கொம்பன் அதில்தான் முட்டை வைக்கும் என்று. இல்லை என்றேன். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்
மேகமூட்டம்.

கடப்பாரையால் பாலத்தைப் பிளந்தேன். மேலே நல்ல கட்டை, உள்ளே புட்டு. கட்டைவிரல் தடிமனில் புழு, வளைந்து வளைந்து, 41 வரை எண்ணினேன். வாசலில் பேப்பர் விரித்து மூன்றை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் மல்லாந்து நடக்கவில்லை. பக்கவாட்டில் சுருண்டு கிடந்தன.

அடியில் கூட்டுக்குள் தூங்குகிறவை ஆறு. வண்டாகிற வழியில் இருப்பவை. தேன் நிறம், கால்களை நெஞ்சோடு மடக்கி, தலையில் கொம்பு அதற்குள்ளேயே முளைத்து. என் தென்னையைத் தின்னப் போகிறவை. அப்படியும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் சொல்லிக் கொடுத்து அந்த இருட்டுக்குள் கொம்பு முளைக்கிறது?

பிறகு கோழிக்குப் போட்டேன். தடியை எரித்தாயிற்று.

நான்கு வருடமாகத் தினமும் அதன்மேல்தான் நடந்தேன். அன்றைக்குத் தேவியை ஏசியதும் அதன்மேல் நின்றுதான்.

ஜூன் 18, புதன்
தலைவலி. போகவில்லை.

பானை: 1.
உளுந்து ஊறவைத்தது, அரைக்கவில்லை.

தேவியிடம் போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள் என்ற பேர் வேறு. இரண்டு வருடச் சாணம், பந்தலுக்கென்று அவள் சேர்த்தது. மருந்து விழுந்த குப்பையை இந்தப் பட்டத்துக்குப் போட முடியாது. இவரிடம் சொன்னேன். பேப்பரைத் திருப்பினார். ஏசியிருந்தால் தேவலை.

மாலை எங்கள் குழியைக் கிளறினேன். 7 புழு. பழைய தட்டில் விட்டேன். ஏழும் மல்லாந்து நடந்தன. அப்படியானால் வாராவாரம் கோழிக்குப் போட்டது யாரை?

ஜூன் 19, வியாழன்
நல்ல மழை, விடிந்ததும் விட்டது. பாலம் இல்லாததால் வாய்க்காலில் இறங்கி முழங்கால் நனைந்து போனேன். தலையில் எங்கள் குப்பை ஒரு கூடை, நேற்றைய ஏழு புழுவும் அதிலேயே.

தேவி பாகல் கொடியைப் பந்தலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள். எல்லாம் சொன்னேன். தடி, 41, மேடம், என் தப்பு. ஒரு புழுவைத் தட்டில் விட்டுக் காட்டினேன். அது மல்லாந்து நடக்கிறது, தென்னைக்கு ஒன்றும் செய்யாது என்று அவளுக்கே பாடம் எடுக்கிறேன்.

"தெரியுமுங்க்கா. பூவுல வந்து உக்காருமே, பச்சை வண்டு, அதாகுமுங்க. எங்கம்மா ஊட்டுக் குழியெல்லாம் இதுதானுங்க."

தெரிந்தும் ஏன் மருந்து ஊற்றினாய் என்று கேட்டேன்.

கொடியில் இருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "நீங்க சொல்லிப்போட்டீங்களேங்க்கா. நாளைக்கு ஒரு மரம் பட்டாலும் எங்குழிதான்னு நிப்பீங்க."

மன்னிப்பு கேட்டேன். கூடையைக் கீழே வைத்தேன். அவள் குனிந்து கையால் கிளறினாள். ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்தாள், அது மல்லாந்தது, மணிக்கட்டு வரை நடந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"எத்தனைங்க்கா இருக்கு?"

ஏழு என்றேன்.

புதுக் குழிக்கு இடம் காட்டினாள்.