மாலை போடாத படம்

அன்பு மச்சான்,

போன இடத்திலும் யாராவது உன்னைக் கூப்பிட்டு, "அண்ணே, சின்ன ரோல்தான் லா" என்று கேட்டிருப்பார்கள். நீயும் "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இருபது வருடத்தில் எத்தனை போலீஸ்காரன், எத்தனை டாக்டர், எத்தனை கல்யாணத் தரகர்! ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று எம்.சி. கொடுத்துவிட்டுப் படப்பிடிப்புக்கு ஓடுவாய். உன் முதுகு மட்டும் தெரிந்த சினிமாவுக்குக்கூடக் குடும்பத்தோடு போனோம். அந்த முதுகுக்கு நான் விசிலடித்தேன்.

ஆனால் வாயே திறக்காத ஒரு வேடத்தில்தான் நீ ஊருக்கெல்லாம் தெரிந்தாய். டிவி நாடகத்தில் செத்துப்போன அப்பாவுக்கு ஒரு படம் வேண்டுமென்றார்கள். ஸ்டூடியோவில் எடுத்த உன் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதற்கு மாலை போட்டு விளக்கேற்றிக் காட்டினார்கள். மறுநாள் காலை காப்பாரிலிருந்து சின்னம்மா ஒரு வேன் ஆட்களோடு, கிள்ளானில் உன் வீட்டு வாசலில் அழுதுகொண்டே இறங்கினார். கதவைத் திறந்தது நீ, வாயில் பிரஷ்ஷோடு.

எல்லோரும் சிரித்தோம். உன் தங்கச்சி சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்குற மனுசனுக்கு மாலையா? இனிமே இப்படி நடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுண்ணே" என்று உன்னைப் பத்துமலைக்கே இழுத்துப் போய்ச் சத்தியம் வாங்கினாள்.

அப்புறம்தானே அந்த வாய்ப்பு வந்தது! கதாநாயகனின் அப்பா. நான்கு வாரம் பக்கம் பக்கமாக வசனம். ஐந்தாம் வாரம் சாவு, பிறகு மாலை போட்ட படம். படத்தை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டாய். டைரக்டர் முடியாது என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்தாய். "சரோஜாகிட்ட சொல்லிடாத மச்சான், அழுவா."

அப்படியொரு வேடம் உன்னை மறுபடி தேடி வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உனக்கு ஏன் வரவில்லை? இப்போது நினைத்தால் உன்மேல் பெருமையாகத்தான் இருக்கிறது.

உன் முதல் வருடத் திதியன்று அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். அவள் அழவில்லை, என்னைத்தான் பிடித்து வாங்கினாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா, போய் நடிச்சிட்டு வாண்ணேன்னு நானே அனுப்பியிருப்பேனே!" பிறகு அலமாரியிலிருந்த உன் ஸ்டூடியோ படத்தை எடுத்து, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டினாள். நான் வாங்கிவந்த மாலையைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உன் படத்தைப் பார்த்தார். மாலை இல்லாததால் அவருக்கு விஷயம் தெரியவில்லை. "அக்கா, இவரு டிவில வருவாரே! இப்ப எதுல நடிக்கிறாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா சொன்னாள்: "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நல்ல ரோலா வந்தா நடிப்பாரு."

நான் இருக்கும்வரை அந்தப் படத்தில் மாலை ஏறாது, மச்சான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கச்சியிடம் தினமும் திட்டு வாங்கும்
உன் மச்சான்,
முத்து