நான் வெட்டிய நான்கு நிமிடங்கள்

நேற்று கணினி ஆய்வகத்து இழுப்பறையைக் காலி செய்யும்போது அந்த மைக் கையில் அகப்பட்டது. அதன் தலையில் உன் கைக்குட்டை இன்னும் சுற்றியே இருக்கிறது. ரப்பர் பேண்டு மட்டும் காய்ந்துபோய், தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூச்சுக்காற்று மோதி ஒலி கெடாமலிருக்க நீயே கண்டுபிடித்த வழி அது. முகர்ந்து பார்த்தேன். தூசி வாசனையைத் தவிர ஒன்றுமில்லை.

தட்டைத் திரை வைத்த புதுக் கணினிகள் வரப்போகின்றன. பழையவற்றை எடுத்துப்போக ஆள் வந்திருந்தார். இந்தச் செய்தியை முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்ல நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நீ இந்த அறைப் பக்கமே வரமாட்டாய். ஒரே வருடத்தில் இந்தப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம், நீ அறிவியலுக்கு, நான் கணினிக்கு. மூலக்குளத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து போனோம். படங்காட்டிப் பாடம் நடத்தலாம் வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "செடியப் பாக்கணும்னா புள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போறேன் வசு. பொட்டிக்குள்ள எதுக்குப் பாக்கணும்?" என்பாய்.

பிறகு உன் குரல் கம்மியது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கக் கத்துகிற நமக்கு அது புதிதா என்ன? சாக்பீஸ் தூசி என்றாய் நீ. மிளகுக் கஷாயம் குடி என்றேன் நான். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, குரல் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, குரல்வளையில் கட்டி, முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்தக் கஷாயத்தை இன்றைக்கும் நான் வீட்டில் வைப்பதில்லை.

பிரான்சிலிருந்து உன் அண்ணன் தினமும் போன் செய்தார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் உனக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு, வைத்தியமும் இங்கேயே பார்க்கலாம் என்றார். நீ கேட்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த மறுநாள் மாலை ஆய்வக வாசலில் வந்து நின்றாய். அழுதிருப்பாய் என்று எதிர்பார்த்தேன். உன் கையில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இருந்தது.

"ரெண்டு வாரம் இருக்கு வசு. இந்தப் பொட்டியில எம்புட்டு ஏத்த முடியும்?"

ஆண்டுத் தேர்வு நேரம், அறை காலியாகக் கிடந்தது. தினமும் நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். இரைச்சல் பதிவாகக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தினோம். பங்குனிப் புழுக்கத்தில் உன் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நீ பாடம் சொல்வாய், நடுவே இருமுவாய், காக்கை கத்தினால் அதைத் திட்டுவாய், சொல் தடுக்கினால் சிரிப்பாய், "வசு, இத மறுபடி சொல்றேன்" என்பாய். மறுநாள் காலையில் நான் உட்கார்ந்து இருமலையும் காக்கையையும் சிரிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, பாடத்தை மட்டும் சுத்தமாக ஒட்டி வைப்பேன். அந்தச் சுத்தத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

சித்திரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆடி பிறப்பதற்குள் நீ பள்ளிக்கு வந்துவிட்டாய். மெலிந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பருத்தித் துணியோடு. தலைமையாசிரியை நல்லவர்தான், ஆனால் பயந்தார். நூலகத்தைப் பார்த்துக்கொள் என்றார். "கிளாஸ்ல பேசாம எப்படிம்மா முடியும்?" என்று அவர் கேட்டபோது, மேசையிலிருந்த கணினியை நீ உன் பக்கம் திருப்பினாய். விடுமுறையில் படுக்கையிலிருந்தபடியே தமிழ்த் தட்டச்சு பழகியிருந்தாய் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாய்: "ஒரு மாதம் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் நானே போய்விடுகிறேன்." அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றார்.

உன் வகுப்பை ஆய்வகத்துக்கு மாற்றினோம். ஒலிபெருக்கியில் உன் பாடம் ஓடும். சுவரில் புரொஜெக்டர் படம் காட்டும். நீ குச்சியால் சுட்டுவாய். கேள்வி வந்தால் பாட்டை நிறுத்துவதுபோல உன் குரலை நிறுத்திவிட்டுப் பதிலைத் தட்டச்சு செய்வாய். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏற ஏற, சொல் முடிவதற்குள் பிள்ளைகள் அதை ஊகித்துக் கூவுவார்கள். அது உனக்குப் பிடித்துப்போய், வேண்டுமென்றே அவர்களை ஏமாற்றுகிற மாதிரி வாக்கியத்தைத் திருப்புவாய். தூங்குகிற வகுப்பு என்று பேர் வாங்கிய மதிய வகுப்பில் ஒருத்தியும் கண்ணசரவில்லை.

சுவாச மண்டலப் பாடத்தன்று தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் நீ சொன்னாய்: "எல்லாரும் தொண்டையில விரல வையுங்க. இப்ப 'ஆ'ன்னு சொல்லுங்க. அதிருதா? அதுதான் குரல்வளை." நாற்பது பேரும் விரலை வைத்தார்கள். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. எல்லாக் கண்களும் உன் கழுத்துத் துணி மேல் இருந்தன. நீ முதல் வரிசைப் பெண்ணிடம் போய், அவள் தொண்டையில் உன் விரலை வைத்து, சொல்லு என்று தலையசைத்தாய். அவள் "ஆ" என்றாள். அதிர்வு கிடைத்ததும் நீ சிரித்தாய். அடுத்தவளிடம் போனாய். இப்படியே ஒவ்வொருத்தியிடமும். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை மட்டும் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போனார். நூலகப் பேச்சு அதற்குப்பின் எழவில்லை.

குருசுக்குப்பத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணைச் சொல்லாமல் விடமுடியாது. வகுப்பில் வாயே திறக்காதவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் பல நாள் வராமலிருந்துவிட்டு, பிறகு சாப்பாட்டு வேளைகளில் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஹெட்போனில் உன் பாடங்களைக் கேட்டாள். கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "புரியலன்னா திருப்பித் திருப்பிக் கேக்கறேன் மிஸ். யாரும் சிரிக்க மாட்டாங்க. டீச்சரும் சலிச்சிக்க மாட்டாங்க" என்றாள். ஒருநாள் எழுந்து வந்து, உன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சந்தேகத்தைத் தட்டச்சு செய்தாள். நீ பதிலைத் தட்டச்சு செய்தாய். சத்தமே இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். செடியைப் பெட்டிக்குள் எதற்குப் பார்ப்பது என்று கேட்டவள் நீ. அன்று மாலை பஸ்ஸில் ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் நீட்டினாய்: "பொட்டி பரவாயில்லை."

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. பிறகு அந்தக் கட்டி நுரையீரலில் வந்தது. இந்த முறை பழகிக்கொள்ள உனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

உன் அண்ணன் காரியங்களுக்கு வந்திருந்தார். உன் குரல் என்னிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். எல்லாவற்றையும் குறுந்தகடுகளில் பதிந்து எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு பெரிய பொருளைக் கொடுக்கப்போகிற நினைப்பு எனக்கு. ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் போட்டோம். பச்சையத்தைப் பற்றி நீ சொல்வதை முழுக்கக் கேட்டார். அடுத்த பாடத்தையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெர்சிம்மா, நன்றி. ரொம்ப நல்லா இருக்கு. பாடம் இல்லாம வேற ஏதாவது இருக்கா? சும்மா பேசினது?"

இல்லை என்றேன்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. இருமலும் சிரிப்பும் மட்டுமா போயின? கடைசி நாள் கடைசிப் பாடம் முடிந்த பிறகு "இன்னும் ஓடுதா?" என்று கேட்டாய். ஓடுகிறது என்றேன். "ஓடட்டும்" என்றாய். பிறகு, "என்னமோ பேசணும்போல இருக்கு வசு. என்னன்னுதான் தெரியல" என்றாய். மீனைப் பற்றிப் பேசினாய். நாளைக்கு நான் வாங்கினால் உனக்கும் சேர்த்து வாங்கச் சொன்னாய், வஞ்சிரம் வேண்டாம், சங்கரா போதும் என்றாய். சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் போனதையும், குழியில் இறங்கி நீ விழுந்ததை அவர் வீட்டில் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னாய். நான்கு நிமிடம். மறுநாள் காலையில் அதைக் கேட்டேன். பாடத்துக்குச் சம்பந்தமில்லை என்று வெட்டினேன். கணினி வட்டில் இடம் குறைவாக இருந்ததால் மூலப்பதிவையும் அழித்தேன்.

உன் அண்ணனிடம் அந்தச் சைக்கிள் கதையை நானே சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். என் குரலில் சொன்னது எப்படி உன் பேச்சாகும்?

நேற்று வந்த ஆளிடமும் கேட்டுப் பார்த்தேன், எப்போதோ அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று. அவர் அக்கறையாகத்தான் விசாரித்தார். "இத்தனை வருஷம் அது மேலயே எழுதி எழுதி, ஒண்ணும் மிச்சம் இருக்காது மேடம்" என்றார். பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நான்கு நிமிடத்தை வரிசை மாறாமல் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சொற்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் "வசு" என்று நீ கூப்பிடுகிற அந்த இழுப்பு, போன வருடம் கேட்ட மாதிரி இந்த வருடம் கேட்கவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இப்போது மற்ற ஆசிரியைகளும் பாடங்களைப் பதிவு செய்கிறார்கள். நீ ஆரம்பித்து வைத்ததுதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் நடுவில் ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டு, தன்னையே பார்த்துச் சிரித்துவிட்டாள். பதிவு முடிந்ததும் சங்கடத்தோடு என்னிடம் வந்து, "அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துடுங்க மிஸ்" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.