ஏழாம் எண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது

நைனா,

வாசல் ஆணியில் ஒன்றரை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த உன் ஆரஞ்சு மேல்சட்டையை அம்மா இன்று காலை துவைக்க எடுத்தாள். பையிலிருந்து நீலச் சாக்பீஸ் துண்டு ஒன்று விழுந்து இரண்டாக உடைந்தது. "இன்னும் எத்தினி எழுத வெச்சிகினு இருந்தாரோ" என்று அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நேற்றிலிருந்து அது ஒன்றுதான் வந்துகொண்டிருக்கிறது.

நேற்று பேராசிரியருக்குப் பாராட்டு விழா. உனக்கு அவரைத் தெரியும். நம் வீட்டில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து உட்கார்ந்திருந்தாரே, அவர்தான்.

அதற்கு முன்னால் மாத்தூர் தாண்டி, துறைமுகப் பெட்டிகளை அடுக்கி வைக்கும், நீ செக்கராக இருந்த கன்டெய்னர் யார்டு நினைவுக்கு வருகிறது. பள்ளி விடுமுறையில் உனக்குச் சோறு கொண்டுவந்த ஒரு மதியம். லாரிக்காரர் ஒருவர் உன்னிடம் கத்திக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர்ல இல்லன்றான், நீ கீதுன்ற. யார நம்புறது மாமு?" நீ சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே, அந்தப் பக்கம் திரும்பாமல் சொன்னாய். "மூணாவது லைனு, டீக்கட பக்கத்து வூடு. மாடில லூர்து அக்கா கீது. கீழ அவுங்க மாமியாரு. அந்த மாமியார்தான் உன் பொட்டி. பாத்து எறக்கு, திட்டும்."

பெட்டி அங்கேதான் இருந்தது.

இராயபுரத்தில் நம் தெருவை நீ அந்த யார்டில் விரித்து வைத்திருந்தாய். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வீடு. வந்து இறங்கும் பெட்டியின் நிறத்தையும் நசுங்கலையும் கடைசி எண்களையும் பார்ப்பாய், தெருவில் யார் சாயல் என்று யோசிப்பாய், அவரை அந்த வீட்டில் ஏற்றிவிடுவாய். பிறகு சாக்பீஸால் ஒரு கோடு. பெட்டி இடம் மாறினால் "குடி மாறிட்டாங்க" என்பாய். எப்படி மறக்காமல் இருக்கிறாய் என்று நான் கேட்டபோது சொன்னது இதுதான்: "பொட்டிய நெனப்புல வெச்சிக்க முடியாது பாப்பா. குடி வெச்சிட்டா எங்க போவும்?"

நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். உளவியல் முதுகலை முடிக்கும்வரை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. பேராசிரியரிடம் கள உதவியாளராகச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். எழுதி வைக்காமல் நினைவில் வைத்திருப்பவர்களைப் பற்றி அவர் ஆராய்ச்சி தொடங்கியபோது, கூட்டத்தில் ஒரே ஒரு முறை வாய் திறந்தேன். "எங்க நைனா அப்படி சார்."

அவர் வந்தார். பக்கத்து வீட்டு நாற்காலியை அம்மா இரவல் வாங்கிவந்து போட்டாள். நீ இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தாய். பொய் சொல்லக்கூடாது, அவர் நன்றாகக் கேட்டார். அவ்வளவு நேரம் உன் பேச்சை யாரும் கேட்டதில்லை. நீயும் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாய். "குடி வெக்கிறது" என்று நீ சொன்னபோது அவர் பேனா நின்றது. "என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார். சொன்னாய்.

ஒப்புதல் படிவம் என்று ஒன்று உண்டு. அதன் கடைசியில் இரண்டு கட்டங்கள். என் பெயரை வெளியிடலாம். வெளியிட வேண்டாம். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார்: "களத்துக்குக் கிளம்பும் முன்னாடியே எல்லாத்துலயும் ரெண்டாவது கட்டத்துல டிக் போட்டு வெச்சிடு. அங்க உக்காந்து விளக்கிட்டு இருந்தா நேரம் போயிடும்." நான் போட்டு வைத்தேன். உன் படிவத்திலும் போட்டேன். நான் விரல் வைத்த இடத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். மகள் நீட்டிய தாளை எந்த அப்பா படித்துப் பார்ப்பான்?

அன்று சாயங்காலம் கேட்டாய். "புக்குல என் பேரு வருமா பாப்பா?"

"பாக்கலாம் நைனா," என்றேன்.

புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு முழு அத்தியாயம் நீ. பெயர் மட்டும் 'பங்கேற்பாளர் 7'. அதை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனாயே, ஏன் நைனா போனாய்? "இன்னா சூசை, ஏழாம் நம்பர் பஸ்ஸா நீ? மணலி போவியா?" என்று கடையே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். "போவேன், டிக்கெட் எடு" என்றாய். வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ அதைக் கீழே இறக்கி நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் யார்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை.

பேராசிரியருக்கு விருதுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. நேற்றைய விழாவில் அந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. நன்றியுரையும் என்னுடையதே. பட்டியலை மட்டும் தாள் பார்க்காமல் சொல்வதற்காக மனப்பாடம் செய்தேன். எப்படிச் செய்திருப்பேன் சொல்? வெளிநாட்டுத் தங்கப் பதக்கத்தை லூர்து அக்கா வீட்டில் குடிவைத்தேன். கௌரவ டாக்டர் பட்டத்தை நாய் வளர்க்கிறவர் வீட்டில். அறிவியல் கழக உறுப்பினர் தகுதியை டீக்கடையில். வாழ்நாள் சாதனை விருதை மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்து மாடியில். மேடையில் ஒன்றும் பிசகவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

விழா தொடங்கும் முன் அவர் அறைக்குப் போய்க் கேட்டிருந்தேன். "சார், உங்க பேச்சுல எங்க நைனா பேர ஒரு தடவ சொல்ல முடியுமா?" அவர் கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து உன் படிவத்தைக் காட்டினார். "விதி அப்படிம்மா. அவரே வேண்டாம்னு குறிச்சிருக்காரே."

அந்த டிக் என் கை போட்டது. கீழே உன் கையெழுத்து, கோணலாக, அழுத்தமாக. வெளியே வந்தேன்.

பிறகு மேடையில் அவர் சொன்னார்: "இந்த முறைக்கு நான் 'குடிவைத்தல்' என்று பெயர் வைத்தேன்." நான் வைத்தேன். உன் பெயரைச் சொல்ல விதி தடுக்கிறது. உன் சொல்லை எடுத்துக்கொள்ள எந்த விதியும் தடுக்கவில்லை.

நன்றியுரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தலைவர், துணைத் தலைவர், மண்டபம் கொடுத்தவர், பூ கொடுத்தவர், போண்டா கொடுத்தவர், ஒலிபெருக்கி அமைத்தவர் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டால் மனத்தாங்கல் வரும். ஒலிபெருக்கிக்காரர் பெயர் அந்தத் தாளில் இருந்தது. கடைசி வரி, 'பங்கேற்பாளர்கள் அனைவருக்கும்'.

அந்த வரியை நான் படிக்கவில்லை. "இந்த முறையைக் கண்டுபிடித்து, அதற்குப் பெயரும் வைத்தவர், கன்டெய்னர் யார்டு செக்கர், இராயபுரம் சூசைராஜ். அவருக்கு நன்றி," என்றேன். அதற்குள் பாதிப் பேர் எழுந்து சிற்றுண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரும் கைதட்டவில்லை. ஒயரைச் சுருட்ட வந்த ஒலிபெருக்கிக்காரர் மட்டும் கேட்டார்.

"யாரும்மா அது, சூசைராஜு? லிஸ்டுல இல்லியே."

"எங்க நைனா."

"இன்னொரு தபா சொல்லேன். மைக்கு ஆன்லதான் கீது."

சொன்னேன். இந்த முறை மண்டபம் திரும்பிப் பார்த்தது.

பேராசிரியர் பொன்னாடையைக் கையில் மடித்து வைத்தபடி வந்தார். "உணர்ச்சிவசப்பட்டுட்ட," என்றார் மெதுவாக. "இல்ல சார். அந்த டிக் நான் போட்டது. அவர்கிட்ட கேக்காம போட்டேன். தப்பு என்னுது. திருத்தணும்," என்றேன். அவர் பொன்னாடையைப் பார்த்தார். பிறகு, "பார்க்கலாம்," என்றார்.

பார்க்கலாம். அன்று உனக்கு நான் கொடுத்த அதே சொல். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிற்பான் என்பது நேற்றுதான் தெரிந்தது.

இன்று காலை தெருவில் நடந்தேன். லூர்து அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் அந்தத் தங்கப் பதக்கம். டீக்கடையில் அறிவியல் கழக உறுப்பினர் தகுதி. யாரையும் என்னால் காலி செய்ய முடியவில்லை நைனா. குடி வைத்தால் போகாது என்று நீ சொன்னது உண்மைதான். நம் வீட்டில் மட்டும் எதையும் ஏற்றவில்லை.

ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். டிக் போட்டது யார், எப்போது, யார் சொல்லி என்று எல்லாம் எழுதினேன். வேலை போகலாம். கூடவே உன் மகளாக நான் நிரப்பிய ஒரு புதுப் படிவம், முதல் கட்டத்தில் டிக்குடன். விழா அழைப்பிதழில் என்னை 'சூ. ரோஸ்லின்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஒற்றை எழுத்தாகத்தான் நீ நேற்று மண்டபத்துக்குள் வந்திருந்தாய். கடிதத்தின் கீழே அப்படிக் கையெழுத்துப் போடவில்லை. இனி எங்கும் போடப்போவதில்லை. பள்ளிக் குழந்தைபோல் ஒவ்வொரு எழுத்தாக, கோணலாக, அழுத்தமாக எழுதினேன்:

சூசைராஜ் ரோஸ்லின்.