சிமெண்ட் நாரை

தம்பிக்கு,

ஏரிப் பூங்கா திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன். கல்வெட்டுல ‘பறவை விஞ்ஞானி’ன்னு என் பேரைப் போட்டிருந்தா இன்னைக்கே செதுக்கி எடுத்துடு.

‘அக்காவுக்காகத்தான் காண்ட்ராக்ட் எடுத்தேன்’னு திருத்தணி பூரா சொல்லிகினு இருக்கியாமே. நல்லா எடுத்தே! நான் இருபது வருஷம் சேத்துல நின்னு நாரைங்களை ஆராய்ச்சி பண்ண ஏரி அது. கால் நனையுற தண்ணியிலதான் நாரை நடந்து மீன் பிடிக்கும். நம்ம நைனாவுக்குக்கூட அது தெரியும். நீ ஆள் முழுகுற ஆழத்துக்குத் தோண்டி, கரை சுத்தியும் கருங்கல் பதிச்சே. பறவை வரலைன்னதும் சிமெண்ட் நாரைங்களை வரிசையா நிக்க வெச்சுட்டே. மஞ்ச அலகுக்குச் செவப்பு அடிச்சிருக்கியே, உன் வீட்டு கேட்டுக்கு அடிச்சு மீந்த பெயிண்டா?

நேத்து காலையில பஸ்ஸுல போறப்ப பார்த்தேன். நிஜ நாரை ஒண்ணு அந்தப் பொம்மைங்க பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. கூட்டம் நிக்கிற இடத்துல மீன் இருக்கும்னு நம்பி இறங்குற ஜாதி அது. சாயங்காலம் திரும்பி வர்றப்பவும் அங்கேயே நின்னுச்சு, மத்த நாரைங்க எப்போ தண்ணியில இறங்கும்னு பார்த்துகினு.

சீஃப் கெஸ்டா அதையே கூப்பிடு. உன்னை நம்பி வந்தது அது ஒண்ணுதான்.

உன் அக்கா