தொப்பூர் இறக்கத்தில் கிடைத்த வாசகர்

அண்ணா,

இன்று காலை சேலம் போகும் பேருந்து தொப்பூர் மலைச்சாலையில் இறங்கும்போது, முன்னால் போன லாரியிலிருந்து பிரேக் தீய்ந்த வாடை வந்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

என் சிறுகதைப் புத்தகம் அச்சாகி, கம்பைநல்லூரில் என் தையல் கடை மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த நாள்கள் அவை. யாராவது படிக்கட்டும் என்று அதிலிருந்து ஒரு கதையை ஃபேஸ்புக்கில் போட்டேன். சொந்தக்காரர்கள் லைக் போட்டுவிட்டுப் போனார்கள். முன்பின் தெரியாத லாரி டிரைவர் நீங்கள் மட்டும்தான் அதைப் படித்திருந்தீர்கள்.

"இருவது வருசம் லாரி ஓட்டினவருன்னு எழுதியிருக்கீங்க. அப்படிப்பட்டவரு தொப்பூர் இறக்கத்துல கியர எடுத்துட்டு நியூட்ரல்ல போகமாட்டாருங்க மேடம், பிரேக் தீஞ்சிடும்" என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

கதை என்றால் கற்பனைதான் என்று வெடுக்கென்று பதில் போட்டேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். அதற்கப்புறம்தான் எனக்கு வெட்கமாகிப்போனது. நான் உண்டாக்கிய மனிதர்மேல் எனக்கில்லாத அக்கறை உங்களுக்கு இருந்தது. மறுநாள் நானே கேட்டேன். எந்த கியரில் இறங்க வேண்டும், எஞ்சின் எப்படி முனகும் என்று வாய்ஸ் மெசேஜில் பொறுமையாகச் சொன்னீர்கள். ஃபேஸ்புக்கில் கதையைத் திருத்தினேன்.

திருத்தியதை உங்கள் குரலில் படித்து, டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். "எழுதினது நம்ம கம்பைநல்லூர் தங்கச்சி" என்று முடித்து, என்னையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டீர்கள். நாமக்கல்லிலிருந்தும் ஓசூரிலிருந்தும் புத்தகம் கேட்டு எழுதினார்கள். ஒருமுறை அண்ணியோடு நீங்களே கடைக்கு வந்தீர்கள். புத்தகத்தை வாங்கும் முன் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டீர்கள். நான் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி அது. அதிலிருந்து ஒவ்வொரு கதையாகப் படித்துக் குழுவில் போட்டு வந்தீர்கள்.

உங்களுக்கு மாரடைப்பு, போய்விட்டீர்கள் என்று அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி கூப்பிட்டார். கடைசியாக எடுத்த கதையை நீங்கள் பாதிவரைக்கும்தான் படித்துப் போட்டிருந்தீர்களாம்.

"மீதி என்னாச்சுன்னு கேக்கறாங்க. நீங்களே படிச்சுப் போடறீங்களா?" என்றார்.

நான் உரக்கப் படித்துப் பழகியவள் இல்லை. மிஷினை நிறுத்தி, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறி, வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். அழிக்காமல் அப்படியே அனுப்பினேன். பிறகு ஒருவர், "அடுத்த கதை எப்பங்க?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இப்போது எழுத உட்கார்ந்தால், வாசகர்கள் என்று ஒரு கூட்டம் என் மனதில் வருவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிற ஒருவர் வருகிறார். அவர் காதில் போய் உட்காரும்வரை வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.