இடுப்பிலிருந்து கணுக்கால்வரை

இன்று காலை பாலக்கோட்டில் பேருந்தைவிட்டு இறங்கியதும் உன் முகம்தான் எதிரே நின்றது. முதலாமாண்டு நினைவஞ்சலி பிளெக்ஸ். வெள்ளைக் கோட்டு, சிரிப்பு, கீழே ‘ஊரையே நடக்க வைத்தவர்’ என்று பெரிய எழுத்து. பக்கத்தில் நின்ற பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். கூடப் பிறந்த நான் கும்பிடவில்லை.

தக்காளிக் காட்டில் குந்தி உட்கார்ந்தே என் வலது முட்டி தேய்ந்துபோனபோது, “வேற எவன்கிட்டயும் போவாத அக்கா, நான் எதுக்கு இருக்கேன்?” என்றாய். தம்பி எலும்பு டாக்டர் என்று எனக்கும் பெருமைதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்டேன், “என் தொடையே வளைவாச்சேடா, அதப் பாத்தியா?” நீ எக்ஸ்ரேயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. அதில் முட்டி மட்டும்தான் இருந்தது. “எலும்பு எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா.”

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் என் பின்னால் காலை அகட்டி அகட்டி நடந்துகாட்டி, எனக்கு ‘வில்லுக்காலி’ என்று பேர் வைத்தவன் நீ. ஊரே கூப்பிட்ட பேர் அது. கத்தியைக் கையில் எடுத்த அன்றைக்கு அதை எப்படியடா மறந்தாய்?

புது மூட்டு வைத்த பிறகு, உள்ளே ஆணி உராய்வதுபோல முட்டியின் இரண்டு பக்கமும் எரிந்தது. காலும் நேராகவில்லை. திரும்பத் திரும்ப உன்னிடம் வந்தேன். கடைசியில் நர்ஸின் எதிரிலேயே என் கணவரிடம் சொன்னாய்: “வலி முட்டியில இல்ல மாமா, மனசுல. தூங்கறதுக்கு மாத்திரை எழுதறேன்.”

அன்றிலிருந்து என் வூட்டிலேயே என் பேச்சு எடுபடவில்லை. நான் முனகினால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகள், “மாமாவுக்குத் தெரியாததாம்மா?” என்பாள். நீ மாரடைப்பில் போன அன்று உன் உடலருகே நொண்டி நொண்டி வந்தேன். துக்கத்தில் கால் தள்ளாடுகிறது என்றார்கள்.

அதன்பின் ஒருநாள் குளியலறையில் கால் மடங்கி விழுந்தேன். மகள் பயந்துபோய்ச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முழுக் காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி விரலால் கோடு காட்டினார்.

“உங்க தொடை எலும்பு வெளிப்பக்கமா வளஞ்சிருக்குதுங்கம்மா. அது நோய் இல்லீங்க, நெறய பேருக்கு அப்படித்தான். நேரான எலும்புன்னு நெனச்சு வெட்டிட்டாங்க, அதான் மூட்டு சாஞ்சு உக்காந்திருக்கு. அந்த எலும்போட முனையும் உங்களுக்குக் குறுகல். உள்ள வெச்ச மூட்டு அதவிட அகலம். ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு சதையில உரசுது.”

“அப்ப வலி நெசந்தானுங்களா?”

“நெசந்தாங்கம்மா.”

அந்த அறையிலேயே வாய்விட்டு அழுதேன். கூட வந்திருந்த என் கணவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். முதலில் செய்தது யார் என்று டாக்டரம்மா கேட்டார். “என் தம்பிங்க” என்றேன். அவர் படத்தைக் கழற்றி உறையில் போட்டார். பிறகு, “கெட்ட எண்ணத்துல பண்ணியிருக்க மாட்டாருங்க” என்றார்.

அது எனக்கும் தெரியும். எலும்பின் வளைவைக் கவனிக்காமல் விட்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் உன் பிழையைத் தூக்கி என் மனசின்மேல் வைத்தாயே, அதை மறக்க மாட்டேன். நான் சொன்னதை நம்பியிருந்தால் இன்னொரு படம் எடுத்திருப்பாய். உனக்கு உன் பேர் பெரிதாக இருந்தது.

பழையதை எடுத்துவிட்டு, என் எலும்பின் அகலத்துக்கும் சாய்வுக்கும் பொருந்துகிற மூட்டை வைத்தார்கள். எரிச்சல் நின்றது. இப்போது கோலில்லாமல் காட்டின் கடைசி வரப்புவரை போய் வருகிறேன். வலி போன பிறகும் எதற்குக் கோபம் என்கிறாள் மகள். ஒவ்வொரு நாளும் நடக்கும்போது நீ அந்த வரப்பில் நிற்க வேண்டும், என் நடையைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும், “வலிச்சுதா அக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதற்குள் செத்துப்போய்விட்டாய். அதையும் நான் மன்னிக்கவில்லை, தம்பி.